அமர்வு காலாவதியாகிவிட்டது: இரண்டாம் தரம் எழுதுகிறவர்களைப் பற்றி

போன வருசம் ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு மேசை போட்டு இருந்தோம். ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பிள்ளைகளுக்கு உதவி செய்வதுதான் வேலை. பெரிய சேவை ஒன்றும் இல்லை. ஒரு லப்டொப், ஒரு ரவுட்டர், ஸ்கான் எடுக்க எங்கட போன்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஒரு தங்கச்சி அம்மாவோடு வந்தா. ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மொத்தம் ஆறு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த உதவி உங்களுக்கு ஏன் தேவை? 300 சொற்களுக்குள் எழுத வேண்டும். அவ தன்ர போனிலேயே, தமிழில், ஒரு மூலையில் இருந்து எழுதத் தொடங்கினா. நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இதற்கு முதல் ஒருத்தரிட்டயும் சொல்லாத ஒன்றை எழுதுகிறா என்று முகத்தைப் பார்க்கவே விளங்கியது. இடையில் வருமானச் சான்றிதழின் இலக்கம் பார்க்க அம்மா வீட்டுக்குப் போய் வந்தா. முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லாம் முடிந்து 'அடுத்து' என்பதை அழுத்தினா.

ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது, மீண்டும் உள்நுழையவும். உள்நுழைந்து பார்த்தால் முதலாம் பக்கம் நிற்கிறது. பெயரிலிருந்து எல்லாப் பெட்டியும் வெறுமை.

"நான் ஏதும் பிழையா அமத்திட்டனோ அக்கா?" என்று கேட்டா.

திரும்ப இருந்து எழுதினா. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டா. இந்தத் தரம் மொத்தமே நாலு வரி. இன்னும் கொஞ்சம் எழுதலாமே என்றோம். "காணும் அக்கா, அவைக்கு விளங்கும்தானே" என்றா.

அந்த உதவித்தொகை அவவுக்குக் கிடைத்ததா இல்லையா என்பது இங்கே விசயம் இல்லை. தெரிவுக்குழுவின் கைக்குப் போனது அந்த நாலு வரிதான். முதல் எழுதினது எங்கேயும் இல்லை. அது இருந்தது என்பதே அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. அதே குழுவின் முன்னால், வீட்டில் நல்ல இணைப்போடு, மேசைக் கணினியில், எல்லாக் கடதாசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதின இன்னொரு பிள்ளையின் 300 சொற்களும் இருந்திருக்கும். ஒரு பிள்ளையின் முதலாம் எழுத்தையும் இன்னொரு பிள்ளையின் இரண்டாம் எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் புள்ளி போட்டிருப்பார்கள். எங்களுக்கு உறுத்தினது இதுதான்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில்நுட்பக் கதை எதற்கு என்று கேட்கலாம். நாங்களும் முதலில் கரண்ட்டையும் சிக்னலையும்தான் பேசினோம். பிறகு கணினி விஞ்ஞானம் படிக்கிற ஒரு நண்பனைப் பிடித்து, 'ஏன் இப்படி நடக்குது, சொல்லு' என்று இருத்தி வைத்துக் கேட்டோம். அவன் சொன்னதையும் பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். எங்கட முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். அந்த 300 சொற்கள் அழிந்தது விபத்து அல்ல. அதை வைத்திருக்கத் தேவையில்லை என்று யாரோ எடுத்த முடிவு. பல இடங்களில் யாருமே எடுக்காமல் தானாக வந்து உட்கார்ந்துகொண்ட முடிவு.

மறதியோடு பிறந்த வலை

நண்பன் சொன்ன முதல் வசனம்: "வலைக்கு ஞாபகம் இல்லை. பிறந்ததே அப்பிடித்தான்."

1990களின் தொடக்கத்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ எச்.ரி.ரி.பி. என்கிற முறையை அமைத்தபோது தேவை எளிமையானது. விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் ஆவணங்களை வாசிக்கக் கொடுக்க வேண்டும். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சேர்வர் கொடுக்கும், அதோடு விசயம் முடிந்தது. அடுத்த தரம் அதே ஆள் இன்னொரு பக்கம் கேட்டால் சேர்வருக்கு அவர் புது ஆள். முன்னம் என்ன கேட்டார் என்பது அதற்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி.

இது குறை இல்லை. ஆயிரம் பேர் வந்து போனாலும் ஆயிரம் பேரையும் நினைவில் வைத்திருக்கிற சுமை சேர்வருக்கு இல்லை. ஒரு சேர்வர் படுத்தால் இன்னொன்று பதில் சொல்லலாம். வலை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

வாசிப்பதை விட்டு வாங்க, விற்க, விண்ணப்பிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஆறு பக்கப் படிவம் என்றால் ஆறு கோரிக்கை. ஆறாவதை அனுப்புகிற ஆளும் முதலாவதை அனுப்பின ஆளும் ஒருவர்தான் என்று சேர்வர் எப்படி அறியும்? கோரிக்கைக்கும் கோரிக்கைக்கும் இடையில் எதை நினைவில் வைப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது? இப்படி இடையில் தாங்கி நிற்கிற விசயத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்பார்கள். அரசுக்கும் அங்கே அதே சொல்தான். தமிழில் நிலை வேறு, அரசு வேறு. இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றையொன்று தொடுகிற இடத்துக்குப் பிறகு வருகிறோம்.

1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்ருல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் குக்கி. அதன் பின்கதை எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது. நெற்ஸ்கேப் அப்போது எம்.சி.ஐ. என்கிற தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு இணையக் கடை செய்துகொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் பாதியில் விட்ட கொள்வனவுகளைத் தங்கட சேர்வரில் வைத்திருக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அதை வாங்குகிறவரின் கணினியிலேயே வைக்கலாமா என்று கேட்டார்கள். ஆக, குக்கி என்கிற சங்கதியே பாதியில் நிற்கிற வேலையை யார் தாங்குவது என்கிற கேள்வியிலிருந்து பிறந்ததுதான். முப்பது வருசம் கழித்தும் எங்கட மேசையில் வந்து நின்றது அதே கேள்வி.

கிளினிக் கொப்பியும் இலக்கத் துண்டும்

எங்களுக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற ஆச்சிமாரின் கையில் ஒரு கொப்பி இருக்கும். எல்லா மருந்தும், எல்லாப் பிரஷர் அளவும் அதில் இருக்கும். எந்த டொக்டர் இருந்தாலும் கொப்பியைப் பார்த்தால் தொடரலாம். டொக்டருக்கு ஞாபகம் தேவையில்லை. கொப்பி தொலைந்தால் கதை முடிந்தது. இது ஒரு முறை.

மற்ற முறை, விபரம் எல்லாம் ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருக்கும். எங்கட கையில் ஒரு இலக்கத் துண்டு மட்டும். இலக்கத்தைக் காட்டினால் கோப்பை எடுத்து வருவார்கள். துண்டு தொலைந்தால் இன்னொரு துண்டு தரலாம். ஆனால் எங்கட துண்டை வேறொருவர் எடுத்துக் காட்டினால் எங்கட கோப்பு அவரிட்டப் போகும். பதிவறைக்காரர் கோப்புகளை எரித்தால் துண்டு இருந்தும் பிரயோசனம் இல்லை.

வலையிலும் இந்த இரண்டு முறைதான். விபரத்தையே குக்கியில் போட்டு ஆளின் பிரவுசரிட்டக் கொடுத்துவிடலாம். ரூபி ஒன் ரெயில்ஸ் என்கிற கருவி வழமையாக இப்படித்தான், பூட்டி மறைத்துக் கொடுக்கும். ஆனால் அந்தக் கொப்பி சின்னது, ஏறக்குறைய 4 கிலோபைட். இதில் எங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. யூ.ரி.எஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் வேண்டும். 'கொ' என்று எழுதினால் மெய்யும் கொம்பும் கூடி 6 பைட். ஆங்கிலத்தில் 300 சொல் எழுதினால் அந்தக் கொப்பிக்குள் இருக்கலாம். தமிழில் 300 சொல் அடங்காது.

ஆகவே பெரிய படிவங்களுக்கு இரண்டாம் முறை. ஆளிடம் இலக்கம் மட்டும், விபரம் சேர்வரில். இதைத்தான் அமர்வு என்கிறார்கள். இங்கேதான் பதிவறைக்காரரின் பழக்கம் முக்கியம். எவ்வளவு நேரத்துக்குப் பிறகு கோப்பை எறிவார்?

24 நிமிடம்

நிறைய வலைத்தளங்கள் ஓடுகிற பி.எச்.பி. மொழியில், யாரும் மாற்றாவிட்டால், ஒரு அமர்வின் ஆயுள் 1440 செக்கன். அதாவது 24 நிமிடம். அதற்குப் பிறகு அது குப்பை எனக் கருதப்படும். உடனே அழியும் என்றும் இல்லை. இடைக்கிடை குப்பை அள்ளுகிற வேலை ஒன்று நடக்கும், அந்த நேரம் அகப்பட்டால் போகும். அதனால்தான் ஒரே படிவத்தில் ஒருவருக்குத் தப்பும், பக்கத்தில் இருக்கிறவருக்குப் போகும். 'உனக்கு வந்தது எனக்கு வரேல்லையே' என்று சனம் குழம்புவதும் கடைசியில் தங்களையே பிழை சொல்வதும் இதனால்தான்.

ஏ.எஸ்.பி. டொட் நெற் என்கிற கருவியில் இதே ஆயுள் 20 நிமிடம். ஜாவாக்காரர்கள் பாவிக்கிற ரொம்கற்றில் 30 நிமிடம். பைதனில் எழுதப்பட்ட ஜாங்கோவில் எவ்வளவு தெரியுமா? இரண்டு கிழமை. அதுவும் அமர்வைத் தரவுத்தளத்திலேயே வைக்கும். 24 நிமிடமும் இரண்டு கிழமையும் ஒரே வேலைக்கான இரண்டு இயல்பு அளவுகள். இயற்கை விதி ஒன்றும் இதில் இல்லை. யாரோ ஒரு மேசையில் இருந்து போட்ட இலக்கம், அதை மாற்றாமல் விட்டவர்களின் கையால் எங்கட ஊர் வரைக்கும் வந்திருக்கிறது.

இன்னொன்றும் விளங்கிக்கொண்டோம். அந்தத் தங்கச்சி முக்கால் மணித்தியாலம் எழுதிக்கொண்டிருந்தா இல்லையா, அந்த நேரம் முழுக்கச் சேர்வருக்கு அவ இல்லை. ஒரு பெட்டிக்குள் எழுத்துத் தட்டுவது கோரிக்கை ஆகாது. 'அடுத்து' அமத்தினால்தான் கோரிக்கை. ஒருவர் தன் வாழ்க்கையையே எழுதிக்கொண்டிருந்தாலும் சேர்வருக்கு அது மௌனம். மௌனம் நீண்டால் 'ஆள் போட்டுது' என்று அது முடிவெடுக்கும். யோசித்து எழுதுகிறவர்கள், போனில் தமிழில் மெதுவாகத் தட்டுகிறவர்கள், யாரிட்டயாவது கேட்டுக் கேட்டு நிரப்புகிறவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள், இவர்கள் எல்லோரும் அதன் கணக்கில் போய்விட்டவர்கள்.

2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் படிவம் நிரப்பின எங்களுக்கு ஒரே மூச்சில் முடிப்பது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். 24 நிமிட அமர்வுக்குப் பின்னால் ஒரு ஆளின் படம் இருக்கிறது. அவருக்குக் கரண்ட் போகாது, டேட்டா முடியாது, அடையாள அட்டையும் சான்றிதழும் கைக்கெட்டின தூரத்தில் இருக்கும், அடுப்பில் ஒன்றும் இல்லை, பிள்ளை அழாது. எங்கட ஊரில் அப்படி ஒரு ஆளை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

ஏன் பாதியை ஏற்க மாட்டார்கள்?

நண்பனிட்ட ஒரு கேள்வி கேட்டோம். அமர்வு அழியட்டும், ஒவ்வொரு பக்கம் முடியவும் அதைத் தரவுத்தளத்தில் போட்டு வைத்தால் என்ன? அது அழியாதுதானே?

காரணம் சாதாரணமானது. தரவுத்தளத்தில் விண்ணப்பங்களுக்கான அட்டவணையை அமைக்கும்போது, இந்தப் பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது, அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கக் கூடாது என்று கட்டளை போடுவார்கள். நல்ல கட்டளைதான், அரைகுறை விண்ணப்பம் உள்ளே வராது. ஆனால் அதனால் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. ஆறு பக்கமும் முடியும்வரை அவரை வெளியில், அமர்வு என்கிற விறாந்தையில் இருத்தி வைப்பார்கள். விறாந்தையை 24 நிமிடத்துக்கு ஒருக்கால் கூட்டிவிடுவார்கள்.

இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. வரைவுகளுக்கு என்று தனி அட்டவணை ஒன்று, அல்லது அதே அட்டவணையில் 'வரைவு', 'சமர்ப்பித்தது' என்று நிலையைக் குறிக்கிற ஒரு நிரல். வரைவு எவ்வளவு வெறுமையாகவும் இருக்கலாம். சமர்ப்பிக்கும்போது மட்டும் எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இடச் செலவு? ஒரு விண்ணப்பத்தின் எழுத்து 10 கிலோபைட் என்று வைப்போம். ஒரு லட்சம் பேர் விண்ணப்பித்தாலும் மொத்தம் 1 கிகாபைட்டுக்கு மேல் போகாது. ஒரு படத்தின் அளவு. 

பாதியில் விட்டதை நினைவில் வைப்பது இயலாத காரியம் என்று யாரும் சொல்ல ஏலாது. இணையக் கடையில் ஒரு சோடிச் சப்பாத்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு மறந்துபோய்ப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் 'உங்கள் கூடையில் ஒன்று காத்திருக்கிறது' என்று மெயில் வரும். நாங்கள் பாதி விரும்பின சப்பாத்து ஞாபகம் இருக்கிறது. பாதி எழுதின வாழ்க்கை ஞாபகம் இல்லை. ஞாபகத்தால் யாருக்கு லாபம் என்பதைப் பொறுத்துத்தான் ஞாபகம் அமைகிறது.

இந்தக் கவலை எங்களுக்கு மட்டும் வந்த ஒன்றும் இல்லை. வலைக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2008 இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே இதற்கு ஒரு விதி உண்டு. அமர்வு முடிந்து ஆள் திரும்ப உள்நுழைந்தால், விபரம் எதையும் இழக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். ஆனால் அதை ஆக உயர்ந்த மூன்றாம் படியில் வைத்தார்கள். கட்டாயம் என்று யாரும் அதைக் கேட்பது குறைவு. எங்கட பார்வையில் அதுதான் முதல் படி.

எதிர்வாதங்கள்

நண்பன் எங்களைச் சும்மா விடவில்லை. இரண்டு நியாயமான கேள்வி கேட்டான்.

முதலாவது பாதுகாப்பு. நிறையப் பேர் படிவம் நிரப்புவது கொமினிகேசனில். ஒரே கணினியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர். ஒருவர் வெளியேற மறந்து எழும்பிப் போனால் அடுத்து இருக்கிறவர் அவரது அடையாள அட்டை இலக்கத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை பார்க்கலாம். ஆகவே அமர்வு கெதியாகச் சாகத்தான் வேண்டும். வலைப் பாதுகாப்புக்கு வழிகாட்டுகிற ஓவாஸ்ப் அமைப்பு, ஆபத்துக் கூடிய தளங்களுக்கு 2 முதல் 5 நிமிடம், குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறது.

இதை நாங்கள் முழுக்க ஏற்கிறோம். ஆனால் இங்கே இரண்டு விசயத்தை ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஆள் யார் என்கிற நம்பிக்கை ஒன்று. அந்த ஆள் செய்த வேலை இன்னொன்று. நம்பிக்கைக்கு 15 நிமிட ஆயுள் போதும். வேலைக்கு ஏன் அதே ஆயுள்? வாசிகசாலை ஐந்து மணிக்குப் பூட்டும்போது எங்களை எழுப்பி அனுப்புவார்கள், சரிதான். நாங்கள் எழுதின கொப்பியைக் கிழித்து எறிய மாட்டார்கள். ஆளை வெளியே அனுப்புங்கள், வேலையை வைத்திருங்கள். ஆள் திரும்பி வந்து தன்னை உறுதிப்படுத்தினால் வேலையைக் கையில் கொடுங்கள். வரைவு தரவுத்தளத்தில் அந்த ஆளின் பெயரில் இருந்தால் இது தானாகவே நடக்கும். பிரவுசரிலேயே சேமிக்கிற வழியும் இருக்கிறது, ஆனால் கொமினிகேசன் கணினியில் அது அடுத்த ஆளுக்கு விட்டுப் போகிற பரிசு.

கொமினிகேசனைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணா அக்காவின் விண்ணப்பத்தை ஒரு டாபிலும் தம்பியின் விண்ணப்பத்தை இன்னொரு டாபிலும் திறந்து மாறி மாறி நிரப்புவார். ஒரு கணினி, ஒரு பிரவுசர், ஒரு அமர்வு. 'இப்போது நிரப்பப்படுகிற விண்ணப்பம் எது' என்பதைச் சில தளங்கள் அமர்வுக்குள் ஒரே ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கும். இரண்டாவது டாபைத் திறந்ததும் முதலாவதின் மேல் எழுதுப்படும். பிறகு அக்காவின் டாபில் அமத்தினால் தம்பியின் விண்ணப்பத்துக்குள் அக்காவின் முகவரி போகும். எந்த விண்ணப்பம் என்கிற இலக்கத்தை ஒவ்வொரு பக்கமும் தன்னோடு கொண்டுபோக வேண்டும், அது அந்த ஆளுக்கு உரியதா என்று சேர்வர் ஒவ்வொரு தரமும் பார்க்க வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு ஆள்தான் இருப்பார் என்று நினைத்துக் கட்டியவர்களுக்கு இது தோன்றாது.

நண்பனின் இரண்டாவது கேள்வி எங்களைக் கூட நேரம் யோசிக்க வைத்தது. "உங்களைப் பற்றி எல்லாரும் எல்லாத்தையும் ஞாபகம் வைத்திருக்கிறது உங்களுக்கு விருப்பமோ?"

விருப்பம் இல்லை. படிவம் நிரப்பியே பழகின சனம் நாங்கள். இடம்பெயர்ந்தால் பதிவு, முகாமுக்குப் பதிவு, மீளக் குடியேறப் பதிவு. எங்களைப் பற்றி எழுதி வைத்த கொப்பிகளுக்கு நாங்கள் பயந்த காலம் எங்கட பெற்றோருக்கு நல்லாத் தெரியும். சமர்ப்பிக்காத வரைவு என்பது இன்னும் சொல்லத் தீர்மானிக்காத ஒன்று. அதை யாரும் வாசிக்கக் கூடாது, எதற்கும் பாவிக்கக் கூடாது, இறுதித் திகதி முடிந்ததும் அழிக்க வேண்டும். எழுதினவர் கேட்டால் உடனேயே அழிக்க வேண்டும்.

ஆனால் மறதியும் எங்களுக்கு ஒரு காலமும் தயவு செய்ததில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2010 இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் சொன்னார்கள். 2013 இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்குத் திரும்பச் சொன்னார்கள். 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு உதவித்தொகைப் படிவத்தையும் அதையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் நீ யார், உனக்கு என்ன நடந்தது என்று புதிதாகக் கேட்பது எவ்வளவு களைப்பு என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அரசு என்கிற ஸ்டேட்டும் கோரிக்கைக்கு இடையிலான ஸ்டேட்டும் ஒன்றையொன்று தொடுகிற இடம் எங்களுக்கு இதுதான். சொன்னதை மீளச் சொல்ல வைப்பது ஒரு செலவு. அதைக் கட்டுவது எப்போதும் கேட்கிறவர்தான், கொடுக்கிறவர் அல்ல.

நாங்கள் கேட்பது

உதவித்தொகை, வேலை, அனுமதி, நிவாரணம் என்று எதற்காகவாவது சனத்திடம் ஒன்லைன் படிவம் வைக்கிற எல்லா நிறுவனங்களிடமும் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, ஒவ்வொரு பக்கமும், முடிந்தால் ஒவ்வொரு பெட்டியும், எழுதியவுடன் வரைவாகத் தரவுத்தளத்தில் சேரட்டும். இறுதித் திகதி வரை அது இருக்கட்டும். பிறகு அழியட்டும்.

இரண்டு, அமர்வு முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். முடிந்த பிறகு 'நீங்கள் எழுதியது பத்திரமாக இருக்கிறது' என்று சொல்ல முடிகிற மாதிரி அமையுங்கள்.

மூன்று, என்னென்ன கடதாசி, என்னென்ன இலக்கம் தேவை, எந்தக் கேள்விக்கு நீளமாக எழுத வேண்டும் என்பதை முதலாம் பக்கத்திலேயே போடுங்கள். ஐந்தாம் பக்கத்தில் வந்து அம்மாவை வீட்டுக்கு ஓட விடாதீர்கள்.

நான்கு, இணைப்பு மெதுவானால் சனம் 'சமர்ப்பி' என்பதை இரண்டு தரம் அமத்தும். இரண்டாவது அமத்தலும் அதே விண்ணப்பம்தான் என்று சேர்வர் அறிந்துகொள்ளட்டும். இரண்டு விண்ணப்பம் போட்டதாகச் சொல்லி ஒருவரையும் தள்ளாதீர்கள்.

ஐந்து, பாதியில் நின்றவர்களை எண்ணுங்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எந்தப் பக்கத்தில் விட்டார்கள் என்று பாருங்கள். இப்போது இருக்கிற அமைப்பில் கைவிட்டவர்களுக்குத் தரவுத்தளத்தில் ஒரு வரி கூட இல்லை. அறிக்கையில் 'விண்ணப்பித்தோர்' என்கிற தொகை மட்டும் வரும். திரும்ப எழுத மனம் இல்லாமல் எழும்பிப் போனவர்கள் ஒரு கணக்கிலும் வர மாட்டார்கள்.

இப்போதைக்கு எங்கட மேசைக்கு வருகிற எல்லாரிடமும் ஒன்றைச் சொல்கிறோம். நீளமான பதிலை முதலில் போனின் நோட்ஸிலோ வட்ஸப்பில் தனக்குத்தானோ எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஒட்டச் சொல்கிறோம். அதாவது எல்லாருடைய கையிலும் ஒரு கிளினிக் கொப்பியைக் கொடுத்திருக்கிறோம். வேலை நடக்குது. ஆனால் அந்த நிறுவனம் தாங்க வேண்டிய சுமையைத்தான் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கட மேசைக்கு வராத பிள்ளைக்கு இதைச் சொல்லவும் ஆள் இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் கணினி படிக்கிறவர்கள் இருப்பீர்கள். இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவோ முதல் வேலையாகவோ யாராவது ஒரு நாள் உங்களிடம் ஒரு விண்ணப்பத் தளம் செய்து தரச் சொல்லிக் கேட்பார்கள். வரைவுக்கு ஒரு அட்டவணை கேட்டு யாரும் வர மாட்டார்கள், அது ஒப்பந்தத்திலும் இருக்காது. நீங்களாகப் போட்டுவிடுங்கள். ஒரு பின்னேரத்து வேலைதான்.

அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. 'இல்லை, நெற் பிரச்சினை' என்று சமாளித்தோம். அது பொய். நெற் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ ஒன்றும் பிழையாக அமத்தவில்லை, தங்கச்சி. நீ எழுதினதை வைத்திருக்க அவை ஒரு இடம் ஒதுக்கவில்லை.